கறைக்கா துடைத்த வண்டி

சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கறைக்கா. கறை எடுக்கிற அக்கா என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். வேலை அவசரத்தில் நடுவில் இருந்ததை எல்லோருமாகச் சேர்ந்து விழுங்கிவிட்டார்கள். மேனேஜர்கூட ஒரு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மிஷின்ல போகாது, கறைக்காகிட்ட குடு" என்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரிப் போர்வையில் காய்ந்த ரத்தம், வக்கீல் சட்டையில் மை, ஹோட்டல் மேஜை விரிப்பில் காபி, ஈரத்தோடு இரும்புக் கட்டிலில் போட்ட விரிப்பில் துரு என்று எல்லாம் அவளுடைய நீள மேஜைக்கு வந்து சேரும். விரலால் தடவிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், பிறகு ஒரு புட்டியை எடுப்பாள். போகாது என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுவாள்.

வீட்டு விஷயத்தில் மட்டும் அப்படிப் பளிச்சென்று சொல்ல அவளுக்கு வரவில்லை. கணவன் போய்ப் பல வருஷம் ஆகியும், போய்விட்டான் என்று சொல்ல மாட்டாள். "வெளியூர்ல இருக்காரு" என்பாள். வெளியூரில் இருந்தது உண்மைதான். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மிஷின் விற்கிற வேலை அவனுக்கு. ஊர் ஊராகப் போவான். அப்படிப் போன ஓர் ஊரில் பெயின்ட் கடைக்காரி ஒருத்தி இருந்தாள். மிஷின் விற்கப் போனவன் அவள் கடைக் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டான். தெருவுக்கே தெரிந்த சமாசாரம். தெரிந்தவர்களும் "வெளியூர்ல இருந்து எப்போ வர்றாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதில் அவர்களுக்கு ஒரு சுகம்.

போகும்போது அவன் விட்டுப் போனவை இரண்டு. ஒன்று, அவனுடைய அம்மா. இன்னொன்று, கொல்லையில் நின்ற பழைய மோட்டார் சைக்கிள்.

கல்யாணத்துக்கு முன்பே அவன் வாங்கிய வண்டி அது. அப்போதே அதற்கு வயசாகியிருந்தது. கனமான இரும்பு, உருண்டையான பெட்ரோல் டேங்க், எங்கு பார்த்தாலும் குரோம் பூச்சு. புதுப் பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்தபோது, கணவன் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அந்த வண்டியின் ஹெட்லைட் வளையத்தில் தன்னுடைய முகத்தைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. பிறகு எஞ்சின் இறுகிப்போனது. பார்க்கச் செலவாகும் என்றார்கள். கொல்லையில் தகரத்துக்கு அடியில் தள்ளி நிறுத்தினான். அப்புறம் வேறொருவர் காரில் ஏறி வேலைக்குப் போனான். அவ்வளவுதான்.

தகரத்தில் ஓட்டை விழுந்தது. மழை நேராக வண்டி மேல் பெய்தது. பளபளப்பெல்லாம் முதலில் மங்கி, பிறகு புள்ளி புள்ளியாகப் பழுத்து, கடைசியில் வண்டி முழுக்கச் செம்மண் அப்பின மாதிரி ஆனது.

ஒரு நாள் அவள் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தாள். மாமியார் பின்வாசலில் நாற்காலியைப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார்.

"அவன் வண்டி. அவனக் கேக்காம எப்படிக் குடுப்ப?"

"கேக்கறதுக்கு அவரு எங்க அத்தை இருக்காரு?"

"போன்ல கேக்கலாம்ல?"

"உங்களுக்குத்தான் போன் பண்றாரு. நீங்களே கேளுங்க."

மாமியாருக்கும் மகன் போன் செய்து நாளாகியிருந்தது. இரும்புக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளப் போனார். சக்கரம் அசையவில்லை. "ஒரு கை புடிங்கம்மா" என்றார். பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு அவள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். வண்டி வரவில்லை. கை வழுக்கியது. உள்ளங்கையெல்லாம் துரு. கை வழுக்கிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். முந்தானையால் இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கோடு அகலமானது.

"அப்புறம் சொல்லி அனுப்பறேன்" என்றாள் இரும்புக்காரரிடம்.

"என்னம்மா வெளையாடறீங்களா?" என்று அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். தன்னால்தான் வண்டி தப்பித்தது என்று மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கணவன் மேல் இருந்த ஆசையால் அவள் அதைச் செய்யவில்லை. அப்படி நினைத்தவர்கள் உண்டு. கறை ஒன்று போகக்கூடியது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவளால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கை அரிக்கும். அவ்வளவே காரணம்.

ஆரம்பமே கோணல். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எடுத்துக்கொண்டு பின் மட்கார்டில் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தாள். துரு போனது. கூடவே மினுமினுப்பும் போனது. பூனை பிறாண்டிய மாதிரி கோடு கோடாக நின்றது. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். தினமும் ஒரு போல்ட்டைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர் என்பதால் அவருக்குப் போல்ட்டு என்று பெயர். அவளுக்குப் போல்ட்டண்ணன். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, வண்டி மேல உனக்கு என்ன கோவம்?"

"தேய்ச்சா போகுமேன்னு பார்த்தேண்ணே."

"குரோம்ங்கறது மேல் தோலுதான்மா. வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது. அதுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, உள்ள இருக்கற இரும்பு துருப்பிடிச்சு வெளிய வழியுது. வழிஞ்சதைத் துடைக்கலாம். தோலையே உரிச்சிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. முலாம் பட்டறைக்குத்தான் அனுப்பணும்."

"அப்ப எதுல தேய்க்கறது?"

"சாப்பாடு சுத்தி வர்ற அலுமினியத் தாள் இருக்கு பாரு, அதைக் கசக்கித் தண்ணியில நனைச்சுத் தேய். அது குரோமைவிட மெதுவு. கீறாது."

அன்றிலிருந்து சலவைக் கூடத்தில் யார் சாப்பாட்டைப் பிரித்தாலும் தாள் அவளுக்கு வந்தது. "எதுக்கு கறைக்கா?" என்று கேட்டவர்களுக்கு, "நகை செய்யறேன்" என்றாள். வேலை முடிந்து வந்ததும் கொல்லையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். போல்ட்டண்ணன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கொடுத்தார். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மண்ணெண்ணெயில் ஊறல், பிறகு நனைத்த தாள். தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாக ஒரு குழம்பு வரும். அதைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். அழுத்தினால் கெட்டுப்போகும், விட்டுவிட்டால் நின்றுபோகும். அந்தப் பக்குவம் அவளுக்கு வேலையில் பழகியதுதான். கடைசியில் மெழுகு பூசிப் பழந்துணியால் துடைப்பாள். பூசாமல் விட்டால் ஒரே மழையில் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

எல்லாம் சரியாகவும் வந்துவிடவில்லை. சைலன்சரின் அடிப்பக்கம் தோல் மொத்தமாகப் போயிருந்தது. அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உயிரை வாங்கின. விரல் நுனியெல்லாம் வெடித்து, மறுநாள் சலவைக் கூடத்தில் மருந்து பட்டபோது எரிந்தது. ஆனால் ஹெட்லைட் வளையம் மட்டும் அவளே எதிர்பார்க்காத மாதிரி வந்தது. ஒரு புள்ளி இல்லை. தண்ணீர் உறைந்து நின்ற மாதிரி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் முதலில் தினமும் பொருமினார். "வீட்ல ஆயிரம் வேலை கெடக்கு, இவ இரும்பைக் குளிப்பாட்டறா." பிறகு பொருமல் குறைந்தது. ஒரு நாள் தம்முடைய பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொண்டுவந்து போட்டார். "இது மெத்துனு இருக்கும். அந்தச் சாக்குத் துணியில தொடைக்காத."

எஞ்சினைப் போல்ட்டண்ணன் தம் கடையில் வைத்துப் பிரித்து வழிக்குக் கொண்டுவந்தார். அவருடைய கிரீஸ் பிடித்த வேலைத் துணிகளை அவள் ஆயுசுக்கும் வெளுத்துக் கொடுப்பதாகப் பேச்சு. ஓட்டவும் அவர்தான் காலி மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். இரண்டு முறை விழுந்தாள். முழங்காலைப் பார்க்காமல் மட்கார்டைத்தான் முதலில் பார்த்தாள். லைசன்ஸ் எடுத்த பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு வண்டியிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சலவைக் கூடமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கடுகடு மேனேஜர்கூட டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் புட்டியிலதான் ஊற வெச்சியா?" என்றார்.

ஒரு முறை கண் ஆஸ்பத்திரிக்கு மாமியாரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனாள். போகும்போது இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று காதருகில் கத்திக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போது கத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "இன்னொரு சுத்து சுத்திட்டு வரலாமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அபூர்வம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மாமியார் அதைச் செய்தார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, வண்டியைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார்.

பல மாதமாகப் பேசாதவன் அன்றைக்கே பேசினான். மறுநாளும் பேசினான். வண்டி ஓடுதா, குரோம் எல்லாம் அதே பழசா, புதுசா முலாம் போட்டதா என்று துருவித் துருவிக் கேட்டான். அம்மா தெரிந்ததைச் சொன்னார். "சாப்பிட்டியாப்பா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டார்.

மருமகள் வேலையிலிருந்து வந்ததும் மாமியார் வாசலிலேயே நின்றார்.

"அவன் வர்றானாம். ஞாயித்துக்கிழமை."

"யாரு?"

"யாரா? எம்புள்ளதான். உன் புருஷன்."

அவள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். "எதுக்காம்?" என்றாள்.

"அம்மாவையும் பொண்டாட்டியையும் பார்க்க வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமா?"

எதையும் நம்பக் கூடாது என்றுதான் அவள் உள்ளே போனாள். ஆனால் மறுநாள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். அவனுக்குப் பிடித்த பதத்தில் காபித்தூள் அரைத்து வாங்கினாள். சனிக்கிழமை, ஹெட்லைட் வளையத்தைக் கழற்றி வந்து இன்னொரு தரம் மெழுகு போட்டு, அப்புறம் மாட்டலாம் என்று வீட்டுக் கூடத்து அலமாரியில் வைத்தாள். வாழ்க்கையில் அவன் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதே இல்லை. இப்போது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று தேய்த்துக்கொண்டே யோசித்தாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு தன் மேலேயே அவளுக்கு அதிகமாகக் காறித் துப்பத் தோன்றியது. ஞாயிறு காலை தலையை இரண்டு தரம் வாரினாள். மாமியாரும் குளித்து, பையில் துணிமணி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒருவேளை கூப்பிட்டான்னா உடனே கெளம்பணும்ல" என்றார்.

அவன் தனியாக வரவில்லை. ஒரு சின்ன லோடு வண்டியும், வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவரும் கூட வந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிச் சேர்த்து வைக்கிறவராம் அவர். கணவன் பருத்திருந்தான். தலைக்குச் சாயம் பூசியிருந்தான்.

"வாங்க" என்றாள் அவள்.

"ம். நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொல்லைக்கு நடந்தான். அம்மாவின் தோளைப் போகிற போக்கில் ஒரு தட்டு தட்டினான்.

வெள்ளைக் கால்சட்டைக்காரர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முன் மட்கார்டின் அடிப்பக்கம்வரை விரல்விட்டுப் பார்த்தார். "பிரமாதம் சார். ஒரிஜினல் குரோம். இந்தக் காலத்துல எல்லாரும் உரிச்சுப் புதுசா முலாம் போட்டுக் கெடுத்து வெச்சிருப்பான். இதை யாரோ பொத்திப் பொத்திப் பார்த்திருக்காங்க."

"ஆமா சார்" என்றான் கணவன். "நான் ஆரம்பத்துலேர்ந்தே அப்படி வெச்சிருந்தேன். ஒரு துளி மழை படவிட மாட்டேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். அவன் நிஜமாகவே அதை நம்பிக்கொண்டு நின்றான்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றாள்.

"இவளுக்கு லாண்டரியில வேலை சார்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "எதைக் குடுத்தாலும் தோய்ச்சிருவா."

வெள்ளைக் கால்சட்டைக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார்.

அவள் கணவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "நான் இதுலதான் வேலைக்குப் போறேன்" என்றாள்.

"பஸ்ஸு நிப்பாட்டிட்டாங்களா?"

"கொல்லையில மக்கிக் கெடந்துச்சு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல."

"வண்டி எம்பேர்ல இருக்குல்ல? அப்புறம் என்ன பேச்சு? அந்தாளுகிட்ட விலை பேசி முடிச்சாச்சு. மானத்த வாங்காத."

"யாரு மானத்த?"

அவன் கூடத்துக்குப் போய், "அம்மா, சாவி எங்க?" என்றான். ஆணியில் தொங்கிய சாவியை மாமியார் எடுத்துக் கொடுத்தார். மகன் கேட்டால் கொடுக்கிற பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. கொடுத்த பிறகுதான் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

பலகை போட்டு வண்டியை லோடு வண்டியில் ஏற்றினார்கள். சத்தம் கேட்டுப் போல்ட்டண்ணன் ஓடி வந்தார். "என்னம்மா, விட்டுட்டியா? நான் நாலு வார்த்தை கேக்கட்டுமா?" என்றார். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். கேட்டு என்ன ஆகப் போகிறது.

அப்போதுதான் வளையம் இல்லாததை வாங்கினவர் கவனித்தார். "ஹெட்லைட் ரிம் எங்க?"

அவள் உள்ளே போய், அலமாரியில் இருந்த வளையத்தை எடுத்து, வெளுத்து மடித்த விரிப்புகளுக்கு நடுவில் சொருகினாள். ஏன் செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பின்னாலேயே வந்த கணவனிடம், "தெரியாது" என்றாள். அவனுக்கு முகம் சிவந்தது. "எங்கடி வெச்ச?" என்று அலமாரிக் கதவைப் படாரென்று திறந்தான். அடித்தாலும் சொல்வதில்லை என்று அவள் நின்றாள். இந்த ஒன்றாவது அவனுக்குக் குறையாகப் போகட்டும். அதனால் விலை கெடட்டும்.

"விடுங்க சார்" என்றார் வெள்ளைக் கால்சட்டைக்காரர் வாசலில் இருந்தபடியே. "எங்கிட்ட ரெண்டு மூணு கெடக்கு. மாட்டிக்கலாம்."

அவ்வளவுதான். அவளுடைய எதிர்ப்புக்கு அந்த மதிப்புதான் இருந்தது.

மாமியார் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். கணவன் லோடு வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான். "முன்னாடி இடம் இல்லம்மா. அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். காபி போட்டு வைத்தது போட்டபடியே இருந்தது. அதை அவள் வாசலில் கொட்டினாள்.

உள்ளே வந்த மாமியார் பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டி நல்லாருக்குன்னு தெரிஞ்சா வருவான்னு நெனச்சேன்" என்றார்.

"வந்தாருல்ல" என்றாள் அவள்.

அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாமியார் பையைப் பிரிக்கவில்லை. மாற்றுத் துணி வேண்டுமென்றால் அதிலிருந்து எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதற்குள்ளேயே வைப்பார். மருமகள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போவாள். "இந்த வீட்ல உங்களுக்கு இனிமே இடம் இல்ல" என்று சொல்லிவிடலாம். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொன்னால் எங்கே போவார்? அந்தப் பெயின்ட் கடைக்காரி வாசலில் நிற்பாரா? யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் கூடியது. விட்டுப் போனவன் நிம்மதியாக இருக்கிறான், சோறு போடுகிறவளுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

சலவைக் கூடத்தில் வண்டி எங்கே என்று கேட்டார்கள். "வித்துட்டேன்" என்றாள். "நல்ல விலையா கறைக்கா?" என்றார்கள். "நல்ல விலைதான்" என்றாள். பஸ்ஸில் பழையபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனாள். வளையத்தைப் போல்ட்டண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "எவன் வண்டிக்காவது மாட்டிருங்கண்ணே, எனக்குக் காட்ட வேணாம்" என்றாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாத அவருடைய நல்ல குணம் அவளுக்கு அன்றைக்குப் பெரிதாகப் பட்டது.

மழைக்காலத்தில் மாமியார் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இரண்டு நாளில் ஆளே பாதியாகிவிட்டார். அவள் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், முதுகைத் தாங்கி உட்கார வைத்துத் துடைத்துவிட்டாள். கையில் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது. வேலை சுத்தமாக இருந்தது.

"அவனுக்குச் சொன்னியா?" என்றார் மாமியார்.

"போன் பண்ணேன்."

"என்ன சொன்னான்?"

அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். வருகிறேன் என்று சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நோயாளிக்கு அது மருந்தாக இருந்திருக்கும்.

"எடுக்கல" என்றாள். "அப்புறம் அந்தப் பொம்பள எடுத்து, அவரு வேலையா இருக்காருன்னா."

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வைக்குள் தோள் குலுங்கியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் இருந்த பையை எடுத்து, உள்ளே இருந்த துணிகளையெல்லாம் உதறி, அலமாரியின் கீழ்த்தட்டில் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே அடுக்கினாள். காலிப் பையைப் பரண்மேல் எறிந்தாள்.

"மாத்திரை போடணும்" என்றாள். "எந்திரிங்க அத்தை."